பூச்சிமருந்து உடலில் சிதைந்துவிடும் என்பது பாதி உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் பற்றி வேளாண்மைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இவை டிடிடியைப் போல ஆண்டுக்கணக்கில் உடலில் தங்குவதில்லை, சில நாட்களில் சிதைந்து சிறுநீரில் போய்விடும், ஆகவே அச்சப்படத் தேவையில்லை என்று அது முடிகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் சரி. மூன்றாவதுக்கு அவை ஆதாரமாகாது. இந்த வகையில் பல மருந்துகள் உடலுக்குள் மாறத் தொடங்கும் முதல் படியில்தான் முழு நஞ்சாகின்றன. டப்பாவில் இருப்பது ஒரு பொருள், நரம்பைத் தாக்குவது இன்னொரு பொருள். இடையில் நடப்பதைச் சொல்லாமல் விட்டால், தெளிப்பவருக்குத் தேவையற்ற தைரியம் வரும். மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு எதைக் கையில் எடுத்துப் போவது என்பதும் தெரியாது.

இந்த மூலக்கூறுகளின் நடுவில் பாஸ்பரஸ் அணு. அதன் கைகளில் இரண்டில் பெரும்பாலும் மெத்தாக்சி அல்லது எத்தாக்சித் தொகுதிகள் (ஆக்சிஜன் வழியாக ஒட்டிய மெத்தில் அல்லது எத்தில்) இருக்கும். மூன்றாவதில் எளிதில் கழன்றுவிடும் தொகுதி: பாரத்தியானில் பாரா-நைட்ரோபீனால், குளோர்பைரிபாஸில் மூன்று குளோரின் ஏறிய பிரிடினால். நான்காவதில் இரட்டைப் பிணைப்புடன் கந்தகமோ ஆக்சிஜனோ. (அசிபேட், புரொபெனோபாஸ் போன்றவை இந்த அச்சில் அப்படியே பொருந்தமாட்டா, அடிப்படை அதுதான்.) கந்தகம் இருக்கும்வரை பாஸ்பரஸ் மந்தமாகவே இருக்கும். அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்தால், நரம்புச் சந்தியில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைத்து நீக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும் திறன் ஆயிரம் மடங்கு அளவுக்குக்கூட ஏறும். ஆக்சிஜன் ஏறிய வடிவத்தை ஆக்சான் என்பார்கள். தூய பாரத்தியான் சோதனைக் குழாயில் இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை, உடலுக்குள் போய் பாராக்சானாக மாறிய பிறகே முடக்குகிறது என்பது 1950களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

மாற்றுவது யார்? முக்கியமாகக் கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 நொதிக் குடும்பம். உடலுக்கு அன்னியமான கொழுப்பில் கரையும் பொருட்களை நீரில் கரையும்படி செய்து வெளியேற்றுவது இதன் வேலை. இங்கே அந்த வேலையே வினையாகிறது. நொதி ஓர் ஆக்சிஜன் அணுவைப் பாஸ்பரஸ்-கந்தகப் பிணைப்பில் செருகுகிறது. அப்போது உருவாகும் நிலையற்ற இடைப்பொருள் இரண்டு விதமாக உடையலாம். கந்தகம் கழன்றால் ஆக்சான், அதாவது கூடுதல் நஞ்சு. வெளியேறும் தொகுதி கழன்றால் டைஆல்கைல் தயோபாஸ்பேட், அதாவது நஞ்சற்ற துண்டு. ஒரே நொதி, ஒரே இடைப்பொருள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். குளோர்பைரிபாஸை எடுத்துக்கொண்டால், மனிதக் கல்லீரலில் இந்தக் குடும்பத்தின் சிஒய்பி2பி6 என்ற நொதி அதை ஆக்சான் பக்கம் அதிகம் தள்ளுகிறது. சிஒய்பி2சி19 நஞ்சற்ற பக்கம் தள்ளுகிறது. ஆகவே கல்லீரல் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை வைத்து மட்டும் ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று சொல்லிவிட முடியாது. கழன்ற கந்தகமும் சும்மா போவதில்லை. அது அதே பி450 நொதியின்மேல் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதியை நம்பியிருக்கும் மற்ற மருந்துகளின் கணக்கும் இதனால் மாறக்கூடும்.

மோனோகுரோட்டோபாஸ், டைகுளோர்வாஸ், பாஸ்பமிடான் ஆகியவற்றுக்கு இந்தப் படியே தேவையில்லை. அவை ஆக்சிஜன் ஏறிய நிலையிலேயே விற்பனைக்கு வந்தவை. அதனால் உள்ளே போனதும் வேலையைத் தொடங்கிவிடும். டைகுளோர்வாஸ் இரத்தத்தில் நிமிடக்கணக்கில் சிதைந்துவிடுகிறது என்பது உண்மைதான். போதிய அளவு உள்ளே போயிருந்தால் அந்த நிமிடங்களே போதும். நேர்மாறாக, பென்தியான் கொழுப்பில் நன்றாகக் கரையும். உடல் கொழுப்பில் பதுங்கி மெல்ல மெல்ல வெளிவரும். வந்த பிறகுதான் ஆக்சானாக மாறும். முதல் நாள் ஓரளவு நன்றாக இருந்த நோயாளி பிறகு மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு காரணம். 'சில நாட்களில் சிதைந்துவிடும்' என்ற ஒரே வாக்கியத்தில் இந்த இரண்டையும் அடக்குவது எப்படி?

ஆக்சான் நொதியை எப்படிப் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிகிச்சையின் நேரக்கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. நொதியின் செயல்மையத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆக்சானின் பாஸ்பரஸ் அதில் போய் ஒட்ட, வெளியேறும் தொகுதி கழன்று விழுகிறது. நஞ்சின் மூலக்கூறும் உடைந்தது, நொதியின் மூலக்கூறும் முடங்கியது. சிறுநீரில் நைட்ரோபீனால் கூடியிருப்பதைப் பார்த்து நஞ்சு சிதைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். முடங்கிய நொதிக்கு அடுத்து இரண்டு வழிகள். ஒன்று, ஒட்டிய பாஸ்பேட் தானே கழன்று நொதி மீள்வது. மற்றது, அந்த பாஸ்பேட்டிலிருந்து ஒரு மெத்தில் அல்லது எத்தில் தொகுதி உதிர்ந்து, பிணைப்பு இறுகி, நொதி நிரந்தரமாகச் செயலிழப்பது. இதை நச்சியலில் மூப்படைதல் என்கிறோம்.

இரண்டு மெத்தில் தொகுதிகள் உள்ள மருந்துகளில் (டைமெத்தோயேட், மாலத்தியான், டைகுளோர்வாஸ், மெத்தில் பாரத்தியான்) தானாக மீள்வதன் அரை ஆயுள் (பாதி நடந்து முடிய ஆகும் நேரம்) ஏறத்தாழ 0.7 மணி நேரம். மூப்படைவதன் அரை ஆயுள் 3.7 மணி நேரம். இரண்டு எத்தில் தொகுதிகள் உள்ளவற்றில் (குளோர்பைரிபாஸ், பாரத்தியான், டயசினான், குயினால்பாஸ்) இவை முறையே 31 மணியும் 33 மணியும். மருத்துவமனைகளில் 'பாம்' என்று சொல்லப்படும் பிராலிடாக்சிம் ஊசி, ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடுங்கி எடுப்பது. மூப்படைந்த நொதியில் அதற்கு வேலை இல்லை. ஆகவே மெத்தில் வகையில் சுமார் 12 மணி நேரத்துக்குப் பின் பாம் கொடுத்துப் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது. எத்தில் வகையில் ஐந்து நாள் வரை வாய்ப்பு உண்டு. இது வேதியியல் சொல்லும் எல்லை. பாம் கொடுப்பதால் பிழைப்பவர்கள் எண்ணிக்கை கூடுகிறதா என்பதில் மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. உயிரைக் காப்பது முதலில் மூச்சுக்குழாயைக் காப்பதும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும், அட்ரோபினும். அட்ரோபின் நொதியை மீட்பதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் சுரப்பிகளையும் இதயத்தையும் தாக்காமல் தடுக்கிறது. நரம்புக்கும் எலும்புத் தசைக்கும் இடையிலான சந்தியை அது எட்டாது. அதனால்தான் நெஞ்சுச் சளி அடங்கிய பிறகும் சுவாசத் தசைகள் தளர்ந்து நோயாளி கைவிட்டுப் போகக்கூடும். மருத்துவமனைக்கு ஓடும்போது டப்பாவையோ அதன் லேபிளையோ எடுத்துச் செல்லுங்கள் என்று ஒரு வரி அந்தக் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். மெத்திலா எத்திலா, கந்தகமா ஆக்சிஜனா, கொழுப்பில் தங்குமா தங்காதா என்ற மூன்றுக்கும் விடை அந்தப் பெயரில் இருக்கிறது.

இனி, உடல் உண்மையிலேயே நஞ்சை நீக்கும் வழிகள். ஆக்சானை நீரால் பிளந்து, தான் அழியாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போகும் நொதிகள் ஒரு பக்கம். முடக்கப்படுவதன் மூலமே ஆக்சானைத் தாங்கிக்கொள்ளும் நொதிகள் இன்னொரு பக்கம். ஆல்டிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1953-இல் இவற்றை ஏ-எஸ்டரேஸ், பி-எஸ்டரேஸ் என்று பிரித்தார். முதல் வகையில் மனித இரத்தத்தில் முக்கியமானது பாராக்சனேஸ்-1. கால்சியம் இருந்தால்தான் இயங்கும். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் துகள்களில் அமர்ந்து இரத்தத்தில் சுற்றும். மரபணு வேறுபாட்டால் இதன் அளவும் வேகமும் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. பெரியவர்களின் அளவை எட்ட ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். பறவைகளின் இரத்தத்தில் ஏ-எஸ்டரேஸ் செயல்பாடு மிக மிகக் குறைவு. டயசினான் தெளித்த புல்தரையில் வாத்துகள் கூட்டமாகச் செத்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு வியப்பு: இந்த நொதியை நீக்கிய எலிகள் குளோர்பைரிபாஸ் ஆக்சானுக்கும் டயசினான் ஆக்சானுக்கும் மிக எளிதில் இரையாயின, பாராக்சானுக்கு மட்டும் சாதாரண எலிகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு இல்லை. உடலில் உண்மையாக இருக்கக்கூடிய செறிவில் பாராக்சானைப் பிளக்க இந்த நொதியின் வேகம் போதவில்லை. பரிசோதனைக் குழாயில் வேலை செய்வது உடலில் காக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இத்துறையில் குறைவு.

இரண்டாவது வகையில் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸும், கல்லீரலில் நிறைந்திருக்கும் கார்பாக்சிலெஸ்டரேஸும் வரும். ஒரு மூலக்கூறு ஒரு ஆக்சானைப் பிடித்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. இந்தக் கையிருப்பு தீரும்வரை நரம்புச் சந்திக்குப் போகும் ஆக்சான் குறைவு. தீர்ந்த பிறகு, சிறிது கூடுதல் அளவுகூடப் பெரிய பாதிப்பைத் தரும். முந்தைய நாள் தெளித்தவர் மறுநாளும் தெளிக்கும்போது அதே அளவு மருந்து கூடுதல் கேடு செய்வதில் இதற்குப் பங்கு உண்டு.

கார்பாக்சிலெஸ்டரேஸுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, மாலத்தியான் விஷயத்தில். மாலத்தியானின் வெளியேறும் தொகுதியில் இரண்டு கார்பாக்சிலிக் எஸ்டர்கள் உண்டு. பாலூட்டிகளின் கல்லீரல் இந்த எஸ்டர்களை முதலில் வெட்டி மோனோ அமிலமாகவும் டை அமிலமாகவும் ஆக்கிவிடுகிறது. அவை நீரில் கரைந்து சிறுநீரில் போகின்றன. மாலாக்சானாக, அதாவது தன் ஆக்சானாக, மாறுவதற்குள் மாலத்தியானின் பெரும்பகுதி இப்படித் தீர்ந்துவிடும். பெரும்பாலான பூச்சிகளில் இந்த நொதி குறைவு, ஆகவே மாலாக்சான் குவிகிறது. மாலத்தியான் மனிதருக்குக் குறைந்த நஞ்சு, பூச்சிக்கு அதிக நஞ்சு என்பதன் முக்கிய ரகசியம் இந்த ஒரு நொதியில் இருக்கிறது. அதை முடக்கிவிட்டால்? 1957-இல் ஈபிஎன் என்ற இன்னொரு ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தை மாலத்தியானுடன் சேர்த்து விலங்குகளுக்குக் கொடுத்தபோது, இரண்டையும் கூட்டினால் வரவேண்டியதைவிடப் பல மடங்கு நச்சுத்தன்மை வந்தது. ஈபிஎன் கார்பாக்சிலெஸ்டரேஸை முடக்கியதே காரணம். இரண்டு மருந்துகளை ஒரே டேங்கில் தன் விருப்பப்படி கலப்பவர்கள் பூச்சிக்கு எதிராக மட்டும் கூட்டணி சேர்ப்பதில்லை.

வெளியிலிருந்து இரண்டாவது மருந்து வரவேண்டும் என்பதுகூட இல்லை. மாலத்தியான் சூட்டில் கிடந்தால், ஒரு மெத்தில் தொகுதி ஆக்சிஜனிலிருந்து கந்தகத்துக்குத் தாவி, ஐசோமாலத்தியான் உருவாகிறது. அது கார்பாக்சிலெஸ்டரேஸை வலுவாக முடக்குவது. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தூளை நீரில் கலந்து வீடுகளில் தெளித்த சுமார் 7,500 பணியாளர்களில் 2,800 பேர் வரை நச்சுப் பாதிப்புக்கு ஆளானார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். தூளில் ஐசோமாலத்தியான் கூடியிருந்ததும், உடையில் ஊறி உடம்பில் பட்டதும் சேர்ந்து செய்த வேலை அது. நீரில் கலக்கும் தூள் வடிவத்தில் சேர்க்கப்படும் களிமண் வகைகளும் இந்த மாற்றத்தைத் தூண்டக்கூடும். தகரக் கூரைக்கடியில் கோடை முழுவதும் கிடந்த பழைய இருப்பு 'வீரியம் குறைந்தது, அதனால் ஆபத்தும் குறைந்தது' என்பது இங்கே பொய்யாகிறது. பூச்சியைக் கொல்லும் திறன் குறைந்து, மனிதரைக் கொல்லும் திறன் கூடியிருக்கலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குளூட்டத்தயோன் டிரான்ஸ்பரேஸ் நொதிகள், குறிப்பாக மெத்தில் வகை மருந்துகளிலிருந்து, ஒரு மெத்திலைக் கழற்றி எடுத்து அவற்றை மின்னேற்றமுள்ள, நீரில் கரையும் பொருளாக்குகின்றன. கழன்ற பீனால், பிரிடினால் துண்டுகள் பாலூட்டிகளில் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ இணைந்து வெளியேறும். பூச்சிகளிலும் தாவரங்களிலும் பெரும்பாலும் குளுக்கோஸுடன் இணையும். ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் ஆக்சிஜன் இல்லை. அங்குள்ள நுண்ணுயிரிகள் பாரத்தியானின் நைட்ரோ தொகுதியை அமினோவாக மாற்றிவிடுகின்றன. அமினோபாரத்தியானின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீர் தேங்கிய நெல்வயல் மண்ணிலும் இதே மாற்றம் நடக்கும்.

பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதில் குழப்பம் அதிகம். மருந்துகள் சிதைந்து வரும் ஆறு டைஆல்கைல் பாஸ்பேட்டுகளைச் சிறுநீரில் அளப்பது வழக்கம்: மெத்தில் வகையில் மூன்று, எத்தில் வகையில் மூன்று. எந்த மருந்து என்பதை இவை சொல்லமாட்டா. எந்த வகை என்று மட்டும் சொல்லும். அதோடு, உணவின்மேல் இருக்கும் மருந்து அங்கேயே சிதைந்து இதே பாஸ்பேட்டுகளாக இருக்கும்; அவற்றை உண்டாலும் சிறுநீரில் வரும். ஆகவே இந்த எண் உடலில் நுழைந்த நஞ்சை மிகைப்படுத்தக்கூடும். குறிப்பிட்ட மருந்தை அறிய அதன் வெளியேறும் தொகுதியைத் தேட வேண்டும். குளோர்பைரிபாஸின் டிரைகுளோரோபிரிடினால் மனித உடலிலிருந்து வெளியேறும் அரை ஆயுள் சுமார் 27 மணி நேரம். எனவே மாதிரியை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுத்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதில் பொருளில்லை.

நொதிக்கு எவ்வளவு சேதம் என்பதை இரத்தம்தான் சொல்லும். பிளாஸ்மாவின் கோலினெஸ்டரேஸ் சீக்கிரம் விழுந்து சில வாரங்களில் மீளும். சிவப்பணுவில் உள்ளது நரம்பில் உள்ள அதே நொதி. மூப்படைந்தால் புதிய சிவப்பணுக்கள் வந்துதான் ஈடாகும், நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு அளவில். ஆளுக்கு ஆள் இயல்பு அளவு பெரிதும் வேறுபடுவதால், தெளிப்பு வேலைக்கு வரும் முன்பே அவரவர் அடிப்படை அளவை எடுத்து வைக்க வேண்டும். அடிப்படையில் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 விழுக்காட்டுக்கோ பிளாஸ்மா நொதி 60 விழுக்காட்டுக்கோ இறங்கினால் மருந்தோடு தொடர்புள்ள வேலையிலிருந்து விலக்க வேண்டும். 80-க்கு மேல் ஏறியபின் திரும்ப அனுமதிக்கலாம். கலிபோர்னியாவில் சட்டமாக இருக்கும் கணக்கு இது. ஒரு நுணுக்கம் அடிக்கடி தவறவிடப்படுகிறது: இரத்தத்தை எடுத்த பின்பும் குழாய்க்குள் ஆக்சான், நொதி, கொடுத்திருந்தால் பாம் ஆகிய மூன்றும் வினைபுரிந்துகொண்டே இருக்கும். எடுத்தவுடன் குளிர்ந்த உப்புநீரில் நீர்க்கச் செய்து குளிர்நிலையில் வைக்காவிட்டால், வரும் எண் நோயாளியின் உடலைப் பற்றியதாக இருக்காது.

செடிக்குள்ளும் 'சிதைவு' ஒரே திசையில் போவதில்லை. டைமெத்தோயேட் ஒமெத்தோயேட்டாக மாறுகிறது. பின்னது கூடுதல் நஞ்சு. அசிபேட் மெத்தமிடோபாஸாகிறது. பாலூட்டிகளில் இந்த மாற்றம் கொஞ்சம் நடந்ததும், உருவான மெத்தமிடோபாஸே மாற்றும் நொதியை முடக்கி மேற்கொண்டு நடக்காமல் தடுக்கிறது. பூச்சிகளிலும் தாவரங்களிலும் அந்தத் தடுப்பு அவ்வளவாக இல்லை. குருணையாக மண்ணில் இடும் போரேட், சல்பாக்சைடாகவும் சல்போனாகவும் ஆகிப் பல வாரங்கள் வீரியத்தோடு இருக்கும். மூல மருந்தை மட்டும் தேடும் எச்சப் பரிசோதனையில் இவையெல்லாம் 'இல்லை' என்றே வரும். இலைமேல் படிந்த பாரத்தியான் வெயிலிலும் தூசியிலும் பாராக்சானாகி, தெளித்துப் பல நாள் கழித்துத் தோட்டத்தில் பறிக்க வந்தவர்களை வீழ்த்தியதால்தான், எத்தனை நாள் கழித்து உள்ளே நுழையலாம் என்ற விதியே வந்தது.

பூச்சிகள் இந்த வேதியியலை நம்மைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. பச்சைப் பீச் அசுவினி தன் எஸ்டரேஸ் மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டு, வரும் ஆக்சானையெல்லாம் நொதியால் பிடித்துவைக்கிறது. கியூலெக்ஸ் கொசுவும் அதே வழி. ஆடுகளைத் தாக்கும் லூசிலியா ஈயில் கார்பாக்சிலெஸ்டரேஸின் 137-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆஸ்பார்டிக் அமிலம் வந்தது. அந்த ஒரு மாற்றத்தால், முடங்கிப்போகும் நொதி ஆக்சானைப் பிளக்கும் நொதியாகிவிட்டது.

மண்ணில் நிலைமை இன்னும் சுவையானது. 1973-இல் சேதுநாதன், யோஷிதா என்ற ஆய்வாளர்கள் இருவரும் டயசினான் தெளித்த நெல்வயலிலிருந்து, அதையும் பாரத்தியானையும் சிதைக்கும் பிளேவோபாக்டீரியம் என்ற பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். இரண்டு துத்தநாக அயனிகளைக் கொண்ட அதன் நொதி, பாராக்சானைப் பிளப்பதில் மனித நொதியைவிடப் பன்மடங்கு வேகமானது. ஒரே வயலில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால் இத்தகைய நுண்ணுயிரிகள் பெருகி, அடுத்த முறை மருந்து பூச்சியை எட்டும் முன்பே தீர்த்துவிடும். மருந்து கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

உயிரில்லா வேதியியலும் குறுக்கிடும். மாலத்தியானின் அரை ஆயுள் 25 டிகிரியில், நீரின் பிஎச் (அமில-கார அளவு) 5 என்றால் நூறு நாளுக்கு மேல். 7 என்றால் ஆறு நாள். 9 என்றால் அரை நாள். காரத்தன்மை மிகுந்த கிணற்றுநீரிலோ போர்டோ கலவையோடோ கலந்து வைத்தால் டேங்கிலேயே வீணாகும். டிரைகுளோர்பான் என்ற மருந்து காரத்தில் சிதைந்து டைகுளோர்வாஸாகும், அதாவது கூடுதல் நஞ்சாகும். சிந்திய குளோர்பைரிபாஸின்மேல் நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் குளோரின் கந்தகத்தை அகற்றி ஆக்சானை உண்டாக்கும். கல்லீரல் செய்வதைத் தரையிலேயே செய்து கொடுப்பதற்குச் சமம். உடம்பில் பட்டால் உடையைக் கழற்றி, சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தோலில் ஊற்றவே கூடாது.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இரண்டு. எச்ச அளவு அட்டவணை வெளியிடும்போது டைமெத்தோயேட்டுடன் ஒமெத்தோயேட்டையும், அசிபேட்டுடன் மெத்தமிடோபாஸையும், போரேட்டுடன் அதன் சல்பாக்சைடு, சல்போன் வடிவங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். மூல மருந்தை மட்டும் அளந்த அட்டவணை என்றால் அதை அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள். அடுத்த வாரத் திருத்தத்தில், மருத்துவமனைக்கு டப்பாவை எடுத்துச் செல்ல வேண்டும் என்ற வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நச்சியல் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் இருவர்